குளிப்பாட்டியும் போகாத நாற்றம்: உங்கள் நாயின் காதைப் பார்த்தீர்களா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கடலூரில் என்னிடம் நாய்களை அழைத்து வருவோர் அதிகம் சொல்வது, "வாரம் ரெண்டு தடவை குளிப்பாட்டுறோம் டாக்டர், அப்பவும் வீடே நாறுது" என்பதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து நாயின் உடலை முழுதாகக் காயவிடுவதில்லை என்பது உண்மையே. ஆயினும், குளிப்பாட்டிய இரண்டொரு நாளில் திரும்பிவிடும் நாற்றத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நோய் இருக்கிறது. அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்க்காமல் குளியலை மட்டும் கூட்டினால் தொல்லைதான் கூடும்.

முதலில் காதைப் பாருங்கள். நாயின் காதுக்குழாய் கீழ்நோக்கி இறங்கிப் பிறகு உட்புறமாக மடங்குவதால், உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியேறாது. லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல் போன்ற தொங்கு காது இனங்களில் காற்றோட்டமும் குறைவு. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலையில் விளையாடிவிட்டு வரும் லாப்ரடார்களின் காது மடலைத் தூக்கினால், உட்புறம் சிவந்து தடித்து, மடிப்புகளில் பழுப்பு நிற அழுக்கு மெழுகாகப் படிந்து, புளித்த மாவின் வாடை எழுவதை அடிக்கடி காண்கிறேன். இது பெரும்பாலும் மலசீசியா என்னும் ஈஸ்ட் பூஞ்சையின் வேலை. சீழும் அழுகிய நாற்றமும் இருந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். அந்த அழுக்கில் சிறிது எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் எது என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதாலும், செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும் என்பதாலும், பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிய சொட்டு மருந்தை உங்கள் நாய்க்கு விடாதீர்கள். பட்ஸால் குடைவதும் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். காது நோய் திரும்பத் திரும்ப வந்தால் அடியில் ஒவ்வாமை இருக்கக்கூடும். அதைக் கண்டறியாமல் சொட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அடுத்தது தோல். நாயின் தோலில் அமிலத்தன்மை நம் தோலைவிடக் குறைவு. நாம் பயன்படுத்தும் வாசனை சோப்பும் ஷாம்பும் அதை உலரவைத்து அரிப்பை உண்டாக்குகின்றன, நாய் சொறியச் சொறியக் கிருமி தொற்றுகிறது. மருத்துவர் தரும் ஷாம்பைத் தேய்த்து 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால்தான் பலன் உண்டு. அதன்பின் அக்குள், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றை ஈரமில்லாமல் துடைத்து, பட்டையையும் காயவைத்துக் கட்டுங்கள்.

வாய் நாற்றத்துக்குப் பெரும்பாலும் பற்காரையும் ஈறுநோயும் காரணம். நமது பற்பசையை நாய் விழுங்கிவிடும் என்பதால் அதற்கெனத் தயாரித்ததையே பயன்படுத்த வேண்டும். மூச்சில் சிறுநீர் வாடை அடித்தால் சிறுநீரகத்தைப் பரிசோதிக்க இரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். மீன் கவிச்சி வீசி, நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்தால் ஆசனவாய்ச் சுரப்பிகள் நிறைந்துள்ளன என்று கொள்ளலாம். அவற்றை நீங்களே பிதுக்கிப் பார்க்காதீர்கள்.

இரண்டு நிலைகளில் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஒன்று, புழு வைத்த புண். மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம் ஆகியவற்றை அதில் ஊற்றுவது புழுவோடு சதையையும் எரிக்கும். நாய் நக்கி விழுங்கினால் நஞ்சாகும். மற்றொன்று, கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு இனச்சேர்க்கைப் பருவம் முடிந்த சில வாரங்களில் பிறப்புறுப்பிலிருந்து நாற்றமுடன் சீழ் வடிவது. அதனுடன் நாய் சோர்ந்து அதிகத் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்க வாய்ப்பு மிகுதி. பெரும்பாலும் அறுவை சிகிச்சையே உயிர் காக்கும். உங்கள் ஊரில் அந்த வசதி இல்லாவிட்டால், புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்கு அன்றைக்கே கொண்டு செல்லுங்கள்.