பைக்கில் துப்பாக்கியோடு மாநிலம் தாண்டினால்: அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

வர்ஜீனியாவில் இருக்கும் நண்பர் ஒருவர் கோடை விடுமுறையில் மெய்ன் மாநிலம் வரை பைக்கில் போய்வரத் திட்டம் போட்டார். தனிப் பயணம், மெய்ன் காட்டில் கூடாரம் அடித்துத் தங்குவார், அதனால் கைத்துப்பாக்கியையும் எடுத்துப் போகலாமா என்று யோசனை. “அதான் பெர்மிட் இருக்கே, அப்புறம் என்ன?” என்றார். ஓட்டுநர் உரிமம் மாதிரிதான் இதுவும் என்று நினைத்துவிட்டார். வர்ஜீனியா கொடுத்த ஓட்டுநர் உரிமம் ஐம்பது மாநிலங்களிலும் செல்லும். அதே வர்ஜீனியா கொடுத்த துப்பாக்கி பெர்மிட், அதாவது கைத்துப்பாக்கியை உடன் கொண்டுசெல்லும் அனுமதி, நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் செல்லாது.

பெர்மிட் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. எச்-1பி, எஃப்-1, சுற்றுலா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். இதற்குச் சில விலக்குகள் உண்டு. அதில் பரவலாகப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. கிரீன் கார்டு வாங்கியவருக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருப்பவர் நண்பரின் துப்பாக்கியைத் தன் பைக் பெட்டியில் வைத்து எடுத்துப் போனாலும் அது ‘வைத்திருப்பது’தான். பிடிபட்டால் சிறைக்கு மேல் விசாவும் போகும். இந்தப் படியைத் தாண்டியவர்களுக்குத்தான் மீதி.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு துப்பாக்கிச் சட்டம் இருப்பதால், நடுவில் கடந்துபோகிறவர் மாட்டிக்கொள்ளாமல் இருக்க 1986இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு வழி செய்தது. துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஃபோப்பா’ என்பார்கள். கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 926ஏ பிரிவாக அது இருக்கிறது. விஷயம் இவ்வளவுதான்: கிளம்பும் இடத்தில் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் உடன் கொண்டுசெல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். போய்ச் சேரும் இடத்திலும் அதே உரிமை இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால், நடுவில் இருக்கும் மாநிலத்தின் சட்டம் எப்படி இருந்தாலும் நீங்கள் கடந்து போகலாம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

வர்ஜீனியாவிலிருந்து மெய்ன் என்றால் இரண்டு முனையும் சரி. மெய்னில் 2015 முதல் 21 வயது நிரம்பியவருக்குப் பெர்மிட்டே தேவையில்லை. ஆனால் போய்ச் சேரும் இடம் நியூயார்க் நகரம், அங்கே மாமா வீட்டில் நான்கு நாள் தங்கல் என்றால் இந்தச் சட்டம் உதவாது. நியூயார்க்கில் கைத்துப்பாக்கியை வைத்திருக்கவே அந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும். 2022இல் உச்ச நீதிமன்றம் புரூயென் வழக்கில் நியூயார்க்கின் பழைய நிபந்தனையை அடித்துவிட்டதே, இனி எல்லா இடமும் திறந்துவிட்டதே என்று சிலர் சொல்கிறார்கள். பெர்மிட் கேட்பவர் தனக்குச் சிறப்புக் காரணம் இருப்பதாக நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை போனது உண்மை. பெர்மிட் வாங்க வேண்டும் என்பது போகவில்லை.

சரி, பைக்குக்கு வருவோம். இந்தப் பிரிவை எழுதியவர்கள் மனதில் ஓடியது கார். துப்பாக்கி டிக்கியில் இருந்தால் போதும், ஓட்டுகிறவர் கைக்கு எட்டாது. டிக்கி தனியாக இல்லாத வண்டிக்கு என்ன செய்வது என்றும் ஒரு வரி இருக்கிறது: ஓட்டுநர் இருக்கும் பகுதியிலிருந்து பிரிந்த அறை இல்லாத வண்டியில், துப்பாக்கியும் தோட்டாவும் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். கையுறைப் பெட்டியோ, இருக்கைகளுக்கு நடுவில் இருக்கும் கன்சோலோ அந்தப் பெட்டியாகாது. பைக்காரருக்குப் பிடிமானம் இந்த ஒரு வரிதான்.

அதனால் டேங்க் பேக்கை மறந்துவிடுங்கள். பெட்ரோல் டேங்கின் மேல், வயிற்றுக்கு நேராக உட்கார்ந்திருக்கும் அந்தப் பை கன்சோலுக்குத் தம்பி. சின்னப் பூட்டு மாட்டியிருந்தாலும் ‘கைக்கு எட்டாத இடம்’ என்று எந்த நீதிபதியிடமும் வாதாட முடியாது. பக்கவாட்டில் தொங்கும் துணி அல்லது தோல் பையும் எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கிளும் ஜிப்பும் பூட்டு ஆகாது. ஜிப்பின் இரண்டு இழுப்பானையும் சேர்த்துப் பூட்டுப் போட்டாலும் ஒரு பேனாக் கத்தி போதும். அலுமினியம் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த, சாவி போட்டுப் பூட்டும் பக்கப் பெட்டிதான் நல்லது. அதற்குள்ளும் தனியாக ஒரு சின்ன இரும்புப் பெட்டி வைத்து, அதன் எஃகுக் கம்பியைப் பைக்கின் சட்டகத்தோடு சுற்றிப் பூட்டுவது இன்னும் நல்லது. அப்படி வைத்தால் இரண்டு பூட்டு ஆகிறது. பெட்ரோல் போட்டு, காபி குடித்துவிட்டு வருவதற்குள் எவனாவது பக்கப் பெட்டியைக் கழற்றினாலும் துப்பாக்கியோடு ஓட முடியாது. தோட்டாவை அடுத்த பக்கப் பெட்டியில் பூட்டி வையுங்கள். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது என்று 926ஏ பிரிவு சொல்லவில்லை. ஆனால் சாலையோரத்தில் நின்று போலீஸ்காரரிடம் விளக்கும்போது தனித்தனியாக இருப்பது பேச்சைச் சுருக்கும்.

இன்னொன்று. பைக்கின் பதிவுக் காகிதத்தையும் காப்பீட்டுக் காகிதத்தையும் துப்பாக்கி இருக்கும் பெட்டியில் வைக்காதீர்கள். போலீஸ் நிறுத்திக் காகிதம் கேட்கும்போது அந்தப் பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எது என்று யோசித்துப் பாருங்கள். காகிதம் ஜாக்கெட் பையில் இருக்கட்டும்.

இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை, நடுவில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைச் சொல்லாததுதான். எரிபொருளுக்கும் சாப்பாட்டுக்கும் நிற்பதைப் பொதுவாக யாரும் கேள்வி கேட்பதில்லை. இரவுத் தங்கல்தான் சிக்கல். 2005இல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் விமானத்தில் பென்சில்வேனியா போய்க்கொண்டிருந்தார். நியூ ஜெர்சியின் நியூவர்க் விமான நிலையத்தில் அடுத்த விமானம் தவறியது. பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஹோட்டலில் இரவு தங்கினார். துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில்தான் இருந்தது. மறுநாள் காலை விமான நிலையத்தில் தானாகவே அதை அறிவித்தார். கைது செய்து சிறையில் வைத்தார்கள். பிற்பாடு குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். அவர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். 2010இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: ஹோட்டலில் பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் 926ஏ பாதுகாப்பு அவருக்கு இல்லை. அந்த நீதிமன்றத்தின் கீழ் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர் வருகின்றன.

பைக்காரருக்கு இந்தத் தீர்ப்பு இரட்டைத் தலைவலி. காரில் போகிறவர் துப்பாக்கியை டிக்கியிலேயே விட்டுவிட்டு அறைக்குப் போகலாம். பைக்கை மோட்டல் வாசலில் நிறுத்திவிட்டு, அதன் பெட்டியில் துப்பாக்கியை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க யாராலும் முடியாது. அறைக்குள் எடுத்துப் போனால் அந்த யூட்டாக்காரரின் கதைதான்.

அதனால் நண்பருக்கு வழித்தடத்தையே மாற்றச் சொன்னேன். கடற்கரையை ஒட்டிய 95ஆம் எண் நெடுஞ்சாலை வேண்டாம், அது நேராக நியூ ஜெர்சிக்குள் கொண்டு போய் விடும். உள்நாட்டுப் பக்கம் 81ஆம் எண் சாலையில் ஏறினால் வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, மேரிலாந்தின் ஒரு துண்டு, பிறகு பென்சில்வேனியா. ஸ்க்ரான்டனில் இரவு தங்கல். மறுநாள் விடிகாலையில் 84ஆம் எண் சாலையைப் பிடித்து நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மூன்றையும் பகலிலேயே தாண்டி, நியூ ஹாம்ப்ஷயர் போய்விட வேண்டும். அங்கே 2017 முதல் பெர்மிட் தேவையில்லை. கெடுபிடி மாநிலங்களில் வெயில் இருக்கும்போதே கடப்பது, தளர்வான மாநிலத்தில் தூங்குவது: எனக்குத் தெரிந்த சூத்திரம் இதுதான்.

நியூ ஜெர்சியைப் பற்றி இவ்வளவு பயமுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், பென்சில்வேனியா பெர்மிட்டோடு காரில் நியூ ஜெர்சிக்குள் வந்தார். போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியபோது, கைப்பையில் துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். மூன்றரை ஆண்டு கட்டாயச் சிறை என்ற நிலை வந்தது. பிறகு வழக்கு, விசாரணைக்கும் சிறைக்கும் பதிலாகக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் திருப்பிவிடப்பட்டு, 2015இல் ஆளுநர் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். அவரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக யாருமே சொல்லவில்லை.

தோட்டாவிலும் கவனம் வேண்டும். முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டாவை வீடு, சுடுதளம், வேட்டை போன்ற விலக்குகளுக்கு வெளியே வைத்திருப்பதை நியூ ஜெர்சி தடுக்கிறது. பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினும் அங்கே கூடாது. கொலராடோவில் வரம்பு பதினைந்து. 926ஏ பிரிவில் துப்பாக்கி, தோட்டா என்ற சொற்கள் இருக்கின்றன, மேகசின் என்ற சொல் இல்லை. அந்த இடைவெளியில் உங்கள் பெயரில் ஒரு வழக்கு உருவாக வேண்டாம். பத்துக்கு மேல் பிடிக்காத மேகசினை மட்டும் எடுத்துப் போங்கள்.

எல்லாப் பயணமும் இப்படி நெருக்கடியாக இருக்காது. ஆகஸ்டில் தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் ஊரில் 1938 முதல் நடக்கும் பைக் திருவிழாவுக்கு டெக்சஸிலிருந்து போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டெக்சஸ், ஓக்லஹோமா, கான்சஸ், நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா: ஐந்திலுமே 21 வயதான, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி கொண்டுசெல்லலாம். இடுப்பில் ஹோல்ஸ்டரோடுகூடப் போகலாம், 926ஏ பக்கமே போக வேண்டியதில்லை. இப்படிப் பெர்மிட் கேட்காத மாநிலங்கள் இப்போது 29. ஆனால் அங்கேயும் வழியில் முட்கள் உண்டு. நெப்ராஸ்காவில் போலீஸ் நிறுத்தினால், துப்பாக்கி இருப்பதை அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் உடனே நீங்களே சொல்ல வேண்டும். டெக்சஸில், வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மதுவிலிருந்து வரும் கடையின் வாசலில் சிவப்பு எழுத்தில் 51 என்ற பலகை இருக்கும். அதைத் தாண்டித் துப்பாக்கியோடு உள்ளே போகக் கூடாது. பைக்காரர்கள் கூடும் இடங்களில் பாதி இப்படிப்பட்டவைதான்.

பலருக்கும் தெரியாத முள் பள்ளிக்கூடம். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று உண்டு. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு. பெர்மிட் வேண்டாம் என்று ஒரு மாநிலம் சொல்வது, அது உங்களுக்கு உரிமம் கொடுத்ததாக ஆகாது. சின்ன ஊர்களில் பிரதான சாலையே பள்ளியை ஒட்டித்தான் போகும். காலியான துப்பாக்கி, பூட்டிய பெட்டி என்றால் இந்தச் சட்டத்திலும் விலக்கு உண்டு. தளர்வான மாநிலத்திலும் பெட்டியே மேல் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் சட்டத்தில் இல்லை: முதுகுத்தண்டுக்கு நேராக இரும்பைச் செருகிக்கொண்டு பைக்கிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று எந்த எலும்பு மருத்துவரும் சொல்வார்.

தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டம்தான். யெல்லோஸ்டோன் சாலையில் பைக் பெட்டியில் துப்பாக்கி இருக்கலாம். பார்வையாளர் மையம் போன்ற கூட்டாட்சிக் கட்டடங்களுக்குள் மட்டும் கூடாது. கதவிலேயே அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள்.

போலீஸ் நிறுத்தினால் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வையுங்கள். சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் நிதானமாகச் சொல்லுங்கள்: வலப்பக்கப் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது, காலியாக இருக்கிறது, பூட்டியிருக்கிறது. சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் கையை நீட்டிக் காட்டாதீர்கள். 926ஏ பிரிவை அச்செடுத்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் சாலையோரத்தில் அதை வைத்து வாதாடாதீர்கள். அதைப் படித்துப் பார்க்க வேண்டியவர் நீதிபதி.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மெய்ன் வரை போயாச்சு, அப்படியே கனடா பக்கம் நியூ பிரன்ஸ்விக் ஒரு எட்டுப் பார்த்துட்டு வரலாமா?” என்றார். கனடாவில் 2022 முதல் கைத்துப்பாக்கிக்குக் கதவு மூடியிருக்கிறது, இவரைப் போன்ற சாதாரணப் பயணி கொண்டுபோக வழியில்லை. தடை செய்யப்படாத வேட்டைத் துப்பாக்கி என்றால் எல்லையில் படிவம் கொடுத்து 25 கனடிய டாலர் கட்டினால் 60 நாள் அனுமதி கிடைக்கும். படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடாமல், சுங்க அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். நியூ பிரன்ஸ்விக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால் கைத்துப்பாக்கி வர்ஜீனியா வீட்டு லாக்கரிலேயே இருக்கட்டும். கரடிக்கு அடிக்கும் ஸ்பிரே, விலங்குக்கானது என்று டப்பாவில் தெளிவாக எழுதியிருந்தால், எல்லை தாண்டலாம்.