ஆய்வகத்துக்கும் சாலைக்கும் நடுவே நிற்கும் குப்பைத்தொட்டி

குப்பை எரி ஆலையின் அடியில் தங்கும் சாம்பலைச் சலித்து, மணலுக்குப் பதிலாகச் சிமெண்டுடன் கலந்து, சோதனை அச்சுகளில் வார்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை வந்து பார்த்தபோது, கலவை அச்சின் விளிம்பைத் தாண்டி, இரவெல்லாம் புளித்த இட்லி மாவைப் போலப் பொங்கி நின்றது. கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் பணியில் நான் சேர்ந்த புதிது அது. தண்ணீர் அளவில் பிழை செய்துவிட்டோம் என்று எண்ணி இரண்டு நாள்களை வீணாக்கினேன். பிழை தண்ணீரில் இல்லை. பான டின்களிலிருந்தும் உணவு சுற்றும் தாள்களிலிருந்தும் வந்த அலுமினியத் துணுக்குகள் எரியாமல் சாம்பலில் தங்கியிருந்தன. சிமெண்டின் காரத்தன்மையோடு அலுமினியம் வினைபுரியும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும்; அந்த வாயுதான் கலவையைப் பொங்க வைத்தது. இதே வினையை வேண்டுமென்றே, அளந்த அலுமினியத் தூளைக் கொண்டு நிகழ்த்தித்தான் காற்றுத் துளைகள் நிறைந்த, எடை குறைந்த ஏஏசி கட்டடக் கற்களைத் தயாரிக்கிறார்கள் என்பது வேறு கதை. அளந்து சேர்த்தால் தொழில்நுட்பம். அளவு தெரியாமல் சேர்ந்துவிட்டால் பழுது.

கழிவைக் கட்டுமானப் பொருளாக்கும் ஆய்வுகளைப் பற்றி நண்பர்களும் மாணவர்களும் கேட்கும்போதெல்லாம் அந்த அச்சுகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் மணலுக்குப் பதிலாகக் கண்ணாடித் தூளைக் கலந்து முப்பரிமாண அச்சில் இருக்கை செய்து காட்டியிருக்கிறார்கள். அசிட்டிலின் வாயு தயாரிப்பில் மிஞ்சும் கார்பைடு கசடையும் சிறுநீரிலிருந்து பெற்ற யூரியாவையும் கொண்டு, நுண்ணுயிர்களின் உதவியால் இறுகும் உயிரிச் சிமெண்டு உருவாக்கியிருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மரத்தூளைக் கரியாக்கிக் காரைக் கலவையில் சேர்த்து அதன் வலிமையைக் கூட்டியிருக்கிறார்கள். இவை நல்ல ஆய்வுகள். ஆனால் ஆய்வகத்தில் கையாளப்படும் கழிவு, மாணவர் ஒருவர் தம் கையால் பொறுக்கி, கழுவி, உலர்த்தி, எடை போட்டு எடுத்த கழிவு. கட்டுமானத் தளத்துக்கு லாரியில் வந்து கொட்டப்படும் கழிவு அப்படிப்பட்டதன்று. ஓர் ஆய்வு சாலையாகவோ சுவராகவோ ஆவதும் ஆகாமற் போவதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் தீர்மானமாகிறது என்பது என் பணி அனுபவம்.

சிங்கப்பூருக்கு இது ஏன் அவசரமான விஷயம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு 1999ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மூடப்பட்டு, அடுத்த நாளே செமாக்காவ் தீவில் கடலைக் கல்லணையால் வளைத்து உருவாக்கிய 350 ஹெக்டர் நிலநிரப்புத் தளம் இயங்கத் தொடங்கியது. எரிப்பதால் குப்பையின் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகிறது. எஞ்சும் சாம்பலும் எரிக்க முடியாத கழிவும் துவாஸிலிருந்து படகுகளில் அங்கே போகின்றன. அந்த இடமும் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிறைந்துவிடும் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். அடுத்த செமாக்காவுக்குக் கடலில் இடம் தேடுவது எளிதன்று. ஆகவே, எரி ஆலைச் சாம்பலைக் கட்டுமானத்துக்குத் திருப்பும் முயற்சிக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் ‘நியூசாண்ட்’ என்று பெயரிட்டு, அதற்கான சுற்றுப்புறத் தர வரம்புகளை வகுத்து, தானா மேரா கோஸ்ட் சாலையின் ஒரு பகுதியில் அதைப் பரப்பிச் சோதித்துப் பார்த்தது. பெயரைக் கேட்டதும், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் ‘நியூவாட்டர்’ நினைவுக்கு வரும்; அப்படி வரவேண்டும் என்றுதான் பெயரே வைத்திருப்பார்கள் போலும். 2003ஆம் ஆண்டில் அந்தத் தண்ணீரையும் நம்மில் பலர் முகம் சுளித்துத்தான் பார்த்தோம்.

எனினும் தண்ணீரும் மணலும் ஒன்றல்ல. கழிவுநீர் குழாய் வழியே ஓரிடத்துக்கு வந்து சேர்கிறது. அதைச் சவ்வுகளின் வழியே செலுத்திச் சுத்திகரிக்கிறோம். சாம்பலோ, நேற்று எந்தக் குப்பை எரிந்ததோ அதற்கேற்ப இன்று மாறியிருக்கும். காந்தத்தால் இரும்பையும், சுழல் மின்னோட்டப் பிரிப்பான்களால் அலுமினியத்தையும் செம்பையும் எடுக்க வேண்டும். பிறகு வாரக்கணக்கில் காற்றிலும் ஈரத்திலும் ஆறப்போட வேண்டும்; அப்போது கரியமில வாயு சேர்ந்து காரத்தன்மை குறைந்து, ஈயம் போன்ற கன உலோகங்கள் நீரில் கரைந்து வெளியேறுவது மட்டுப்படும். கம்பி கட்டிய கான்கிரீட்டில் சேர்ப்பதாக இருந்தால் குளோரைடையும் கழுவி நீக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் கம்பி துருப்பிடிக்கும். நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் எரிசாம்பலை நெடுங்காலமாகச் சாலையின் அடியடுக்கில் பயன்படுத்தி வருகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்தப் பிரிப்பும் பொறுமையும் இருக்கின்றன.

தொழில்துறையின் தலைகீழ் மாற்றங்களைப் பற்றி மேலாண்மைப் படிப்பில் ஒரு விளக்கம் உண்டு. மலிவான, தொடக்கத்தில் தரம் குறைந்த ஒரு பொருள் சந்தையின் அடிமட்டத்தில் நுழைந்து, மெல்லத் தேறி, பழைய பெரிய நிறுவனங்களைச் சாய்த்துவிடும் என்பது அது. கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் இது பொருந்தலாம். ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய தூணுக்குப் பொருந்தாது. தரம் குறைந்த கான்கிரீட்டை ‘இப்போதைக்கு’ என்று யாரும் வாங்குவதில்லை. கட்டுமானத் துறையை நான் அறிந்தவரை, மாற்றத்தைத் தொடங்கி வைப்பது புதிய பொருளன்று. பழைய பொருள் திடீரென வராமற் போவதுதான்.

2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தோனீசியா மணல் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது அது நேர்ந்தது. மலேசியா 1997இலேயே கதவை அடைத்திருந்தது. டன்னுக்கு ஏறத்தாழ 20 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்த மணல் 60 வெள்ளியைத் தொட்டது. கான்கிரீட் விலையும் கூடவே ஏறியது. அரசாங்கம் தன் சேமிப்பிலிருந்த மணலைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அதுவரை ஆய்விதழ்களில் தூங்கிக்கொண்டிருந்த மாற்றுப் பொருள்களை ஒப்பந்தக்காரர்கள் அப்போதுதான் விலை கேட்கத் தொடங்கினார்கள். கப்பல் பட்டறைகளில் துரு நீக்கப் பீய்ச்சியடிக்கும் செம்புக் கசடு அவற்றுள் ஒன்று. நம்மூர்க்காரர்கள் பலர் முகமூடி அணிந்து நாள்முழுதும் அடித்துத் தீர்த்த அந்தக் கருமணல், வண்ணப்பூச்சு மாசு போகக் கழுவப்பட்டு, மணலில் ஒரு பங்குக்கு மாற்றாகக் கான்கிரீட்டுக்குள் சென்றது. தமிழ்நாட்டில் ஆற்றுமணல் அருகியபோது, பாறையை நொறுக்கிச் செய்யும் எம்சாண்ட், கொத்தனார்களின் சந்தேகப் பார்வையைக் கடந்து நிலைபெற்றதும் ஏறத்தாழ இதே முறையில்தான்.

அந்த நெருக்கடிக்குப் பிறகு மிகுதியாக வளர்ந்தது மறுசுழற்சி ஜல்லி. இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டை நொறுக்கிச் சலித்து எடுப்பது இது. சாம்வோ நிறுவனம், கட்டட, கட்டுமான ஆணையத்துடனும் நன்யாங் பல்கலைக்கழகத்துடனும் இணைந்து, 100 விழுக்காடு வரை இந்த ஜல்லியைக் கொண்ட கான்கிரீட்டில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பி, அதற்குள் உணரிகளைப் பதித்துக் கண்காணித்தது. ஆய்வுக்கும் தளத்துக்கும் இடையே பாலம் போட இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை: தன் ஊழியர்கள் உட்காரும் கட்டடத்தைக் கட்டிக் காட்டுவது. ஆனாலும் கட்டமைப்புக் கான்கிரீட்டில் பெரிய ஜல்லியில் பொதுவாக 20 விழுக்காடு வரைதான் இதற்கு இடமளிக்கிறோம். காரணம், பழைய காரை கல்லின் மேல் ஒட்டியிருப்பதால் அது தண்ணீரை அதிகம் குடிக்கும். முன்கூட்டியே நனைக்காமல் கலந்தால், லாரி தளத்தை அடைவதற்குள் கான்கிரீட் இறுகத் தொடங்கிவிடும்.

சிங்கப்பூரில் கட்டுமான, இடிப்புக் கழிவின் மறுசுழற்சி விகிதம் 99 விழுக்காடு. இந்த எண்ணை மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். எதுவாக மறுசுழற்சி ஆகிறது என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. தற்காலிகப் பாதைக்கு மெத்தையாகப் பரப்பினாலும் மறுசுழற்சிதான். தூணுக்குள் போனாலும் மறுசுழற்சிதான். எண் ஒன்றே, மதிப்பு ஒன்றன்று. அந்த மதிப்பைத் தீர்மானிப்பது இடிக்கும் முறை. இடிப்புப் பணிக்கான எஸ்எஸ் 557 என்ற சிங்கப்பூர்த் தரநிலையின் நடைமுறை விதிகள், இடிப்பதற்கு முன்பே என்னென்ன பொருள்கள் உள்ளன என்று கணக்கெடுக்கவும், கதவு, சன்னல், கூரைப் பலகைகளை முதலில் கழற்றவும், தளத்திலேயே தரம் பிரிக்கவும் வழிகாட்டுகின்றன. படித்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருக்கும். நாள் வாடகைக்கு எடுத்த இயந்திரம் காத்துக்கொண்டிருக்க, காலக்கெடு நெருங்கும்போதுதான் எல்லாம் ஒரே தொட்டிக்குள் போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு சரக்கு எங்கள் சோதனைக்கு வந்தது. அனுப்பியவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல ஜல்லி. ஆனால் சல்பேட் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு இடிப்புத் தளத்துக்கே போனேன். அங்கே புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், என் கையிலிருந்த மாதிரியை வாங்கி விரலால் தேய்த்து, “பால்ஸ் சீலிங் பலகைத் தூள் சார் இது. அன்னிக்கே சொன்னேன், தனியாப் போடலாம்னு, ஒரே பின்தான் (தொட்டிதான்) இருக்குன்னுட்டாங்க” என்றார். அவர் சொன்னது சரி. ஜிப்சம் பலகையின் சல்பேட், சிமெண்டின் அலுமினேட்டோடு சேர்ந்து விரிவடையும் படிகங்களாகி, கான்கிரீட்டை உள்ளிருந்தே விரிசலடையச் செய்யும். நாங்கள் வேதியியல் சோதனையில் பல நாள் செலவிட்டு அறிந்ததை அவர் கண்ணும் விரலும் முதல் நாளே அறிந்திருந்தன. அவரைக் கேட்டுத் தொட்டியை வைக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. அந்தச் சரக்கு முழுவதும் சாலை மெத்தைக்குக்கூட ஏற்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டது. மிச்சப்படுத்தியது ஒரு தொட்டியின் வாடகை.

பிரிப்பு எவ்வளவு தூரம் ஆய்வின் உள்ளேயே இருக்கிறது என்பதற்கு மதுரை ஒரு சான்று. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவு நெகிழியைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் தூவி, அது உருகிக் கல்லைப் போர்த்தியபின் தார் சேர்க்கும் முறையை வகுத்தார். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே அப்படியொரு சாலை போடப்பட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்த முறையைப் பற்றிப் பேசும் பலர் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு: பைகளும் உறைகளுமான பாலித்தீன் வகைகள் இதற்கு ஏற்றவை, பிவிசி கூடாது, சூடேறினால் அது குளோரின் கலந்த நச்சு வாயுவை வெளிவிடும். ஆக, அந்தச் சாலை தொடங்கும் இடம் தார்க் கொப்பரை அன்று, பையையும் குழாயையும் வேறாக எடுத்து வைக்கும் கை.

இங்கே அந்தக் கையின் நிலைமை என்ன? 2023இல் சிங்கப்பூர் உருவாக்கிய கழிவு 68 லட்சத்து 60 ஆயிரம் டன். மொத்தத்தில் 52 விழுக்காடு மறுசுழற்சி ஆனது. வீடுகள் சார்ந்த கழிவில் வெறும் 12 விழுக்காடு. நெகிழியில் 5. மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் மீந்த குழம்பு ஊற்றப்பட்ட அட்டைப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. அந்தத் தொட்டியில் போடாத பான டின்தான் எரி ஆலைக்குப் போய், சாம்பலில் அலுமினியமாகி, என் அச்சுகளைப் பொங்க வைக்கிறது.

பிரித்தெடுப்பது எளிதாக உள்ள பொருளில் நாம் பெரிதாகவே சாதித்திருக்கிறோம். துவாஸ் துறைமுகத்தின் முதற்கட்ட நில மீட்புக்குப் பயன்பட்ட நிரப்புப் பொருளில் பாதிக்கு மேல், கடலடியைத் தூர்வாரிய மண்ணும் கட்டுமானத் தளங்களில் தோண்டிய மண்ணும்தான். மண்ணில் ஜிப்சமோ டின்னோ கலக்காமல் வந்தது அதற்கு உதவியது. இதையும் சேர்த்துத்தான் ஆய்வு மாணவர்களிடம் நான் சொல்வது: உங்கள் கட்டுரையில் வலிமை எவ்வளவு கூடியது என்பதோடு, மாதிரியை எங்கிருந்து எடுத்தீர்கள், எதையெல்லாம் பொறுக்கி எறிந்தீர்கள், அதற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் எழுதுங்கள். தொழில் நடத்துபவருக்குச் செலவு அந்த மணிக்கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது.

வீட்டில் புதுப்பிப்புப் பணி செய்ய இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடோ தனியார் வீடோ, உடைப்பு வேலை தொடங்கும் முன் ஒப்பந்தக்காரரிடம், பழைய கூரைப் பலகையும் உடைத்த தரைக்கல்லும் ஒரே லாரியிலா போகின்றன என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆமாம் என்பார். தனித்தனியாக என்றால் கூடுதல் தொகை கேட்பார். கேட்கும் தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, சமையலறை அலமாரிக்கு நீங்கள் கொடுக்கப்போகும் தொகையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.