காற்றை அடைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறீர்கள்

வீடுகளுக்குப் படம் வரைவது என் தொழில். கட்டி முடித்த பிறகு அனல் தாங்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டதில், இந்த ஆண்டில் இது ஏழாவது வீடு. போன செவ்வாய்க்கிழமை அந்தியில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), ஓய்வு பெற்ற ரப்பர்ப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் கூடத்தில் நின்றேன். மணி ஏழரை. தெருவில் இதமான காற்று. உள்ளே என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெப்பமானியை மேற்குச் சுவரில் காட்டினேன்: 36 டிகிரி. சீலிங்கில் 38. வீட்டம்மா இரண்டு மாதமாக வாசலில் பாய் விரித்துப் படுக்கிறார்.

சேமநிதிப் பணத்தில் வீட்டை எடுத்துக்கட்டியிருக்கிறார்கள். பின்கட்டு முழுவதையும் சந்துச் சுவர் வரை மூடிச் சமையலறை ஆக்கியாகிவிட்டது. நடு அறைச் சன்னல் இப்போது சமையலறைக்குள் திறக்கிறது. தாளிக்கும் புகைதான் அந்த அறைக்குக் காற்று. சன்னல்களுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரக் கற்களைப் பெயர்த்தெடுத்து, செங்கல் வைத்துப் பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று.

“கட்டிக்கொடுத்த குத்தகைக்காரர்தான் சொன்னாரம்மா, துவாரம் இருந்தால் அனல் உள்ளே வருமாம்” என்றார் பெரியவர்.

அந்தக் குத்தகைக்காரரைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் ஓர் ஆள் இல்லை. தாமானுக்கு ஒருவர் இருக்கிறார்.

துவாரம் வழியாக வீடு சூடாவதில்லை. மறுபடியும் சொல்கிறேன், துவாரம் வழியாக வீடு சூடாவதில்லை. அனல் வருவது கூரை வழியாக; அடுத்தபடியாக மேற்குச் சுவர் வழியாக. பகலெல்லாம் வெயிலைக் குடித்த செங்கல், இருட்டிய பிறகு அதை வீட்டுக்குள் கக்கும். அந்தச் சூடு மேலே ஏறி வெளியேறத்தான் அந்தக் கற்கள் அங்கே இருந்தன, அழகுக்காக அல்ல. நம் ஊரில் பகலில் 33 டிகிரி வரை ஏறும், விடியற்காலையில் 24க்கு இறங்கும். இரவு சும்மா தருகிற ஒன்பது டிகிரியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, குளிர்சாதனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டு ஏன் ஆறவில்லை என்று கேட்பவரிடம் என்ன சொல்வது?

உடனே அடுத்த கேள்வி வரும்: கொசு? கொசுவலையை அடியுங்கள், டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் பயம் எனக்கும் உண்டு. திருடன்? சன்னலுக்கு மேலே உள்ள ஒற்றைக் கல் அளவுத் துளையில் திருடன் நுழைந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. குளிர்சாதனக் காற்று வீணாகுமே? இது நியாயமான கேள்வி. அப்படியானால் குளிர்சாதனம் ஓடும் அந்த ஓர் அறைத் துவாரத்துக்கு மட்டும் திறந்து மூடும் பலகை போடுங்கள். புகைமூட்ட நாட்களிலும் அது உதவும். ஓர் அறைக்காக வீடு முழுவதற்கும் சமாதி கட்டாதீர்கள்.

நான் பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பலகைச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பக்கத்து வீட்டுச் சண்டை முழுவதும் கேட்கும், கருவாட்டு வாசனையும் வரும். ஆனால் இரவு பத்து மணிக்குப் போர்வை தேடுவோம். லயத்துக்குப் பெருமை பாடவில்லை. நண்பகலில் அந்தத் தகரம் அடுப்புதான், தண்ணீருக்குப் பொதுக்குழாயில் வரிசைதான். அந்த ஒரு சாண் இடைவெளியை மட்டும் மறக்கவில்லை.

தலைநகரில் ஆறு ஆண்டு கண்ணாடிக் கோபுரங்களுக்குக் கழிவறைப் படம் வரைந்துவிட்டு இந்த ஊருக்கே திரும்பினேன். கடைத்தெருவில் ஒரு மேல்மாடி, மூன்று பேர், ஓயாமல் மக்கர் செய்யும் ஓர் அச்சுப்பொறி. ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளியின் சிறுசேமிப்பைத் திரட்டியே தோட்டத்தை வாங்கலாம் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ.தி. சம்பந்தன் இந்த ஊர்க்காரர். அந்தச் சேமிப்பின் அருமை தெரிந்த ஊரில் தொழில் நடத்துகிறோம் என்பதால் எங்களுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. வீட்டில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து பார்க்காமல் பென்சிலைத் தொடமாட்டோம். இடிப்பதில் பயன்படுவது எதையும் குப்பைக்கு அனுப்பமாட்டோம். பின்கட்டு முழுவதையும் மூடச் சொன்னால் வேலையை ஏற்கமாட்டோம். போன ஆண்டு மூன்று வேலை அப்படிப் போனது. வாடகை கட்டச் சிரமப்பட்டது உண்மை.

‘பசுமை வீடு எல்லாம் பணக்காரர் சமாசாரம்’ என்பார்கள். கட்டடங்களுக்கு மதிப்பெண் போடும் பசுமைக் கட்டடக் குறியீடு 2009இல் வந்தது முதல் பசுமை என்றாலே சான்றிதழும் சூரியத் தகடும் என்று ஆகிவிட்டது. பாங்கி என்ற ஊரில் கட்டடக்கலைஞர் ஜிம்மி லிம் வடிவமைத்த சாலிங்கர் வீடு 1998இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது பெற்றது. செங்கால் என்ற உள்ளூர்க் கடின மரத்தில் கட்டியது. நம் கைக்கு எட்டாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரையைத் தூக்கிக் கட்டி, இறவாரத்தை நீட்டி, காற்றுக்கு வழி விட்டிருக்கிறார்களே, அதற்கு யார் காப்புரிமைப் பணம் கேட்டார்கள்? (இதைப் படித்துவிட்டு, ரப்பர் மரத்தில் தூண் போடலாமா என்று கேட்காதீர்கள். நாற்காலிக்குச் சரி. வெயில் மழையில் நிற்கும் தூணுக்கு வைத்தால் பூஞ்சையும் பூச்சியும் கரையானும் முறை வைத்துத் தின்னும்.)

சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைச்சட்டங்களில் 39ஆவது விதி: குடியிருக்கும் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு சன்னல் இருக்க வேண்டும், 5 விழுக்காடு தடையில்லாமல் காற்று வரும் திறப்பாக இருக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் 12 சதுர அடி சன்னல், 6 சதுர அடி திறப்பு. செவ்வாய்க்கிழமை பார்த்த நடு அறையில் வெளிக்காற்றுக்கு இருந்த திறப்பு பூஜ்யம்.

ஆகவே, கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். பூச்சு காய்ந்த பிறகு அல்ல. ஊராட்சி மன்ற அனுமதி இல்லாமல் பின்கட்டில் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். படம் வரைந்து தருகிறேன் என்கிறவர் கட்டடக்கலைஞர் வாரியத்தில் பதிந்தவரா என்று விசாரியுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் வேண்டாம். பின்பக்கம் ஆறடியாவது வானம் தெரிய விடுங்கள். மேற்குச் சுவருக்கு ஒரு தகரச் சாய்ப்போ பந்தலோ போடுங்கள், பாகற்கொடி போதும். வாஸ்து பார்ப்பதைத் தடுக்கவில்லை. அப்படியே மாலை நாலு மணி வெயில் எந்த அறையில் விழுகிறது என்பதையும் பாருங்கள். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள துவாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. பழைய கல்நார்க் கூரையை நீங்களே ஏறி உடைக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

இன்னொன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். பின்கட்டை மூடி, இரும்புக் கம்பிக் கதவு போட்டு, பூட்டையும் மாட்டி, சாவியைச் சாமி அறையில் வைக்கிறீர்கள். இரவில் முன்பக்கம் தீப்பிடித்தால் வீட்டில் இருக்கும் பாட்டி எந்த வழியாக வெளியே வருவார்? சாவி கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். இன்றைக்கே ஓர் ஆணி அடியுங்கள்.

வீட்டுக்காரர்கள் பெயர்த்துப் போடும் துவாரக் கற்களைச் சில ஆண்டுகளாகப் பொறுக்கி வருகிறேன். எங்கள் அலுவலகப் படிக்கட்டுக்கு அடியில் அறுபதுக்கும் மேல் சேர்ந்திருக்கின்றன. செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் பன்னிரண்டு எடுத்துவைத்திருக்கிறோம். மீதியை வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். கெட்டியான சாக்கு கொண்டு வாருங்கள், கனம் அதிகம்.