பாறை ஆகாத தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம்

முதல் தடவை நான் செய்த தேங்காய்ப்பால் ஐஸ்கிரீமில் கரண்டி இறங்கவில்லை. எவர்சில்வர் டப்பாவைக் குழாயடியில் கவிழ்த்துப் பிடித்து, விழுந்த கட்டியை அம்மிக் குழவியால் தட்டி உடைத்தோம். மேலே அரை விரல் தடிமனுக்கு மெழுகு மாதிரி தேங்காய்க் கொழுப்பு. கீழே சாம்பல் கலந்த வெள்ளையில் பனிக்கட்டி. ஒரு சில்லை வாயில் போட்டு நறநறவென்று கடித்த அக்கா மகன், "மாமா, இது ஐஸ்கிரீம் இல்ல, ஐஸ்" என்றான். ஏழு வயதுப் பையன் சொன்னது அறிவியல்படியும் சரிதான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எங்கள் வீட்டில் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இரண்டு பேர், நானும் அவனும். ஆனால் இருவருக்கும் ஒத்துக்கொள்ளாதது ஒரே பொருள் இல்லை. எனக்குப் பாலில் உள்ள சர்க்கரை ஆகாது, அவனுக்குப் பாலின் புரதம் ஆகாது.

சர்க்கரையை முதலில் பார்ப்போம். பசும்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு லாக்டோஸ். சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி அதை இரண்டாக வெட்டினால்தான் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். தாய்ப்பால் மறந்த பிறகு அந்த நொதி குறைந்துகொண்டே வருவது பாலூட்டிகளின் பொது வழக்கம். வளர்ந்த பிறகும் அது குறையாமல் இருக்க ஒரு மரபணு மாற்றம் வேண்டும். இந்தியாவில் அந்த மாற்றம் வடமேற்கில் அதிகம், தெற்கும் கிழக்கும் வர வரக் குறைவு. ஆக, பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் அதை நோய் என்று நினைக்க வேண்டியதில்லை. வெட்டுப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்கு இறங்குகிறது, தண்ணீரையும் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்கிறது, அங்கே இருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயு கிளப்புகிறது. மீதிக் கதை பட்டவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் தயிர்சாதம் மட்டும் எப்படிச் சமாதானமாக இறங்குகிறது? உறை ஊற்றியபோதே பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்று லாக்டிக் அமிலமாக்கிவிட்டது. மீதியை வெட்டவும் அதன் நொதியே குடலில் கை கொடுக்கிறது. லாக்டோஸ் ஆகாதவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய டம்ளர் பால் அளவுக்குத் தாங்கிக்கொள்வார்கள். ஒரு சின்னக் கப் ஐஸ்கிரீம் என்னை ஒன்றும் செய்யாது. கல்யாணப் பந்தியில் பால் பாயசத்துக்கு மேல் ஐஸ்கிரீமும் வாங்கினால்தான் ராத்திரி தூக்கம் போகும்.

பையனுடைய கதை வேறு. கேசீன் போன்ற பால் புரதங்களை அவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரியாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு அளவு கணக்கில்லை, துளி போதும். தடிப்பு, வாந்தி, சில பேருக்கு மூச்சுத்திணறல் வரை போகும். "ஆட்டுப்பால் கொடுத்துப் பாருங்களேன்" என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஆட்டுப்பாலின் புரதமும் பசும்பாலின் புரதத்துக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு என்பதால் அது ஆபத்தான யோசனை. கடையில் கிடைக்கும் லாக்டோஸ் நீக்கிய பாலும் அப்படித்தான். லாக்டோஸை வெட்டி வைத்திருப்பார்கள், புரதம் அப்படியே இருக்கும். எனக்கு அமிர்தம், அவனுக்கு விஷம்.

கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தோம். ஒரு கடையில், "இதுல பால் கொழுப்பே இல்ல சார், எல்லாம் வெஜிடபிள் ஃபேட்" என்று எடுத்து நீட்டினார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அட்டையில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருந்தது. நம் நாட்டில் அந்தப் பெயருக்கு அர்த்தம், பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்தது என்பது. பாலின் மற்றத் திடப்பொருள்கள், புரதம் உட்பட, உள்ளே இருக்கும். பச்சைப் புள்ளியை நம்பியும் பயனில்லை, பால் சைவம்தானே. பார்க்க வேண்டியது ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்லும் வரியை. இப்போது பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத வீகன் பொருள்களுக்கென்று இலை வைத்த பச்சை 'வி' முத்திரையும் வந்திருக்கிறது. அப்போதும் கடையில் எல்லா வகைக்கும் ஒரே கரண்டி, அதைக் கழுவ ஒரே குவளைத் தண்ணீர் என்றால் முத்திரை காப்பாற்றாது.

இன்னொரு பொறி இருக்கிறது. அவசரத்துக்கு வாங்கிவைக்கும் தேங்காய்ப்பால் பவுடரைத் திருப்பி, பொருள் பட்டியலைப் படியுங்கள். பல பாக்கெட்டுகளில் சோடியம் கேசினேட் இருக்கும். கொழுப்பு கட்டிதட்டாமல் தூளாக நிற்கச் சேர்ப்பது. பெயரைக் கேட்டால் ஏதோ உப்பு மாதிரி இருக்கிறது, ஆனால் அது பால் புரதம். தேங்காயை நாமே துருவிப் பிழிவதுதான் நிம்மதி.

சரி, பிழிந்தாயிற்று. ஏன் பாறை ஆனது?

பள்ளிக்கூட வாசலில் குச்சி ஐஸ் சாப்பிட்டவர்களுக்குப் பாதி விடை தெரியும். ஆரஞ்சு நிற ஐஸை நன்றாக உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் வாய்க்கு வந்துவிடும், குச்சியில் வெளுத்த பனிக்கட்டி மட்டும் நிற்கும். தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. அந்த வரிசையில் சர்க்கரைக்கோ சாயத்துக்கோ கொழுப்புக்கோ இடம் கிடையாது, எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். தள்ளப்பட்ட சர்க்கரை, உறையாமல் மிஞ்சிய தண்ணீரில் சேர்ந்து பாகாகிறது. பாகு கெட்டியாக ஆக, உறைவது இன்னும் கடினமாகிறது. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில்கூட ஐஸ்கிரீமுக்குள் உறையாத பாகு கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். கரண்டி இறங்குவது அந்தப் பாகாலும் உள்ளே சிக்கிய காற்றாலும்தான்.

ஆக ஐஸ்கிரீம் என்பது பனிப் படிகம், பாகு, கொழுப்புத் துளி, காற்றுக் குமிழி ஆகிய நான்கும் சேர்ந்த குடித்தனம். படிகங்கள் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் நாக்குக்குத் தெரியாது, வழவழப்பு என்று நினைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் நறநற. பாலில் செய்யும்போது இந்த நாலு பேரையும் பாலே கட்டி மேய்த்துவிடுகிறது. பாலை எடுத்துவிட்டால் அது செய்த ஒவ்வொரு வேலைக்கும் வேறு ஆள் பிடிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நான் பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்று ஆளை மாற்றிவிட்டுச் சும்மா இருந்தேன்.

முதல் வேலை, உறைநிலையைக் கீழே இறக்குவது. பாலில் லாக்டோஸும் உப்புகளும் கரைந்திருப்பதால் அது மைனஸ் அரை டிகிரி சுமாரில்தான் உறையத் தொடங்கும். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார்களா என்று பண்ணைகளில் கண்டுபிடிக்க இந்த உறைநிலையைத்தான் அளக்கிறார்கள். தேங்காய்ப்பாலில் அந்த லாக்டோஸ் கிடையாது, சொந்தச் சர்க்கரையும் கொஞ்சம்தான். அதற்கு ஈடாகச் சீனியைக் கூட்டினால் திகட்டுகிறது. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. உறைநிலையை இறக்குவது சர்க்கரையின் எடை இல்லை, மூலக்கூறுகளின் எண்ணிக்கை. ஒரு லிட்டர் தண்ணீரில் 342 கிராம் சீனியைக் கரைத்தால் உறைநிலை 2 டிகிரி சுமாருக்கு இறங்கும். அதே 342 கிராம் குளுக்கோஸ் என்றால் 3.5 டிகிரி. குளுக்கோஸ் மூலக்கூறு சீனியில் ஏறக்குறைய பாதிக் கனம்தான் என்பதால் அதே எடையில் தலைகள் அதிகம். இனிப்போ சீனியைவிடக் குறைவு. மருந்துக் கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடரை, சீனியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போட்டேன். அன்றைக்கு முதன்முதலாகக் கரண்டி இறங்கியது.

'சர்க்கரை இல்லாத' ஐஸ்கிரீமில் மால்டிட்டால் மாதிரி மாற்று இனிப்புப் பொருள்கள் இதே வேலையைச் செய்கின்றன. அவையும் சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் லாக்டோஸ் செய்யும் அதே கூத்தைச் செய்யும். என்னைப் போன்றவர்கள் தள்ளி நிற்பது நல்லது.

அடுத்தது கொழுப்பு. பால் கொழுப்பு பலவகைக் கொழுப்புகளின் கலவை, பூஜ்யத்துக்கு வெகு கீழே தொடங்கி உடம்புச் சூடு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உருகும். தேங்காய் எண்ணெய் அப்படி இல்லை. அதில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம், அதனால் 25 டிகிரி வாக்கில் ஏறத்தாழ மொத்தமும் ஒன்றாக உருகும், ஒன்றாக உறையும். சித்திரையில் தண்ணீராக ஓடுகிற பாட்டில் கொடைக்கானலில் கல்லாக நிற்பது அதனால்தான். வாயில் போட்டதும் சட்டென்று உருகி, உருகும்போது நாக்கின் சூட்டை இழுத்துக்கொள்வதால் ஜில்லென்று இருப்பது தேங்காய்ப்பால் ஐஸ்கிரீமுக்கே உரிய சுகம். ஆனால் ஃப்ரீசரில் அது வெறும் மெழுகு. முதல் தடவை நான் கெட்டியான முதல் பாலை மட்டும் ஊற்றியிருந்தேன், நல்லது அதிகமானால் இன்னும் நல்லது என்ற நினைப்பில். இப்போது முதல் பால் 300 மில்லி, இரண்டாம் பால் 200 மில்லி, வாசமில்லாத சூரியகாந்தி எண்ணெய் ஒரு ஸ்பூன். எளிதில் உறையாத எண்ணெய் கொஞ்சம் கலந்தால் மெழுகுத்தனம் குறைகிறது.

அந்த மெழுகு ஏன் தனியாக மேலே வந்து நின்றது? பால் கலவையை அடிக்கும்போது கேசீன் ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் போர்த்திக்கொண்டு பக்கத்துத் துளியோடு சேரவிடாது. தேங்காயின் புரதம் இந்த வேலையில் சோனி. 80 டிகிரிச் சூட்டில் அதுவே திரண்டு பிடியை விட்டுவிடும். தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு கொதிக்க விடாதே, நுரை கட்டும்போதே இறக்கு என்று சமையலறையில் காலங்காலமாகச் சொல்வது இதைத்தான். பிழிந்த பாலைப் பச்சையாக விடவும் மனம் வராது என்பதால் ஆவி பறக்கும் வரை சூடாக்கி இறக்குகிறேன். ஊறவைத்து மையாக அரைத்த முந்திரி எட்டு பத்து சேர்த்தால் போர்வைக்கு ஆள் கிடைக்கிறது. அவனுக்கு முந்திரி ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகுதான் அதையும் செய்தோம். முந்திரி ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். அப்படிப்பட்ட வீட்டில் கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் சூரியகாந்தி லெசித்தின் ஒரு சிட்டிகை போதும். மிக்ஸியில் அடிப்பது வெதுவெதுப்பாக இருக்கும்போதே நடக்க வேண்டும். குளிர்ந்த பிறகு அடித்தால் உறைந்த கொழுப்பு வெண்ணெய் மாதிரித் திரளும்.

மூன்றாவது, தண்ணீரைக் கட்டிப்போடுவது. தண்ணீர் ஓடியாடித் திரிந்தால் இருக்கிற படிகங்களோடு போய் ஒட்டிப் பெரிதாக்கும். நான் பயன்படுத்துவது ஜவ்வரிசி. இரண்டு ஸ்பூன் சேலம் ஜவ்வரிசியைப் பொடித்து இரண்டாம் பாலில் கரைத்துக் காய்ச்சினால் கஞ்சியாகிறது. கார்ன்ஃப்ளவரும் கெட்டிப்படுத்தும், ஆனால் உறைந்து இளகினால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். ஜவ்வரிசி செய்கிற மரவள்ளி மாவு அந்த விஷயத்தில் தேவலை. கம்பெனி ஐஸ்கிரீம்களில் போடும் குவார் கம் வேறொன்றுமில்லை, கொத்தவரை விதையின் பசை. பொரியல் செய்கிற காய் ஐஸ்கிரீமைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி. அரை லிட்டருக்குக் கால் டீஸ்பூனுக்கு மேல் போனால் மூக்குச்சளி மாதிரி ஆகிவிடும், எச்சரிக்கை.

காற்றுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு போல நுரை நிற்கும் என்று 2014-இல் பிரான்ஸின் ஜோயல் ரோசல் காட்டினார். சுண்டல் செய்த அன்று நானும் முயன்றேன். நுரை அருமை. ஆனால் கடலையிலிருந்து தண்ணீரில் இறங்கும் சர்க்கரைகள் வாயு கிளப்புகிறவை என்பதால் என் வயிறு அன்றிரவே கணக்கைத் தீர்த்தது.

கடைசியாக, உறையவைக்கும் வேகம். மெதுவாக உறைந்தால் சில பெரிய படிகங்கள், வேகமாகக் கிளறிக்கொண்டே உறையவைத்தால் எண்ணற்ற சின்னப் படிகங்கள். மெஷின் இல்லாத எங்கள் வீட்டில் எவர்சில்வர் தூக்கு, ஒரு வாளி, நொறுக்கிய ஐஸ், கல் உப்பு. ஐஸும் உப்பும் சரியான பங்கில் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் போகும். வாளியில் அது முழுதாக வராது, அதில் பாதி வந்தாலே போதும். அமெரிக்காவில் நான்சி ஜான்சன் 1843-இல் காப்புரிமை வாங்கிய கைச்சுற்று இயந்திரமும் இதே வாளிதான், உள்ளே சுழலும் துடுப்பு ஒன்று கூடுதல். நாங்கள் தூக்கின் பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து, ஓரத்தில் படிந்ததை மரக்கரண்டியால் வழித்து நடுவில் தள்ளுவோம். அரை மணி நேரத்தில் இட்லி மாவு பதம் வரும். உடனே சின்னச் சின்ன டப்பாக்களில் நிரப்பி ஃப்ரீசருக்குள்.

அங்கேயும் நிம்மதி இல்லை. கரண்ட் போய் வந்தாலோ கதவை அடிக்கடி திறந்தாலோ சின்னப் படிகங்கள் முதலில் உருகும், மறுபடி குளிரும்போது அந்தத் தண்ணீர் பெரிய படிகங்களோடு சேர்ந்துவிடும். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது உத்தமம். தீராமல் இருந்ததும் இல்லை.

எவ்வளவு செய்தாலும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே இது கொஞ்சம் கெட்டிதான். மேசையில் சற்று நேரம் வைக்க வேண்டும். மார்கழியில் பத்து நிமிடம் பிடிக்கும். இப்போது மே மாதம், நாலே நிமிடம். அந்த நாலு நிமிடமும் அவன் கையில் ஸ்பூனோடு டப்பா பக்கத்தில் நின்று, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை குத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.