கர்ப்பகால சுகர் டெஸ்ட்: இலவசம்தான், ஆனால் இரண்டு முறை

கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி என எந்த ஊர் அரசு சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிக்கு சர்க்கரைப் பரிசோதனை இலவசம். ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டப்படி பரிசோதனைக்கோ மருந்துக்கோ அங்கே காசு வாங்கக் கூடாது. பக்கத்துப் புதுச்சேரி அரசு மருத்துவமனைகளிலும் இதேதான்.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2018 வழிகாட்டுதல்படி முதல் செக்கப்பிலேயே ஒரு டெஸ்ட். அதில் நார்மல் என்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் விட்டுப்போகும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். ‘அம்மா ஊரில் பார்ப்பார்கள்’ என்று இங்கேயும், ‘கணவர் ஊரிலேயே பார்த்திருப்பார்கள்’ என்று அங்கேயும் இருந்துவிடுவார்கள். நஞ்சுக்கொடி வளர வளர, அது சுரக்கும் லாக்டோஜென், புரொஜெஸ்டிரோன் முதலான ஹார்மோன்கள், ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினின் வேலையைக் கெடுப்பதும் இந்தச் சமயத்தில்தான். அதனால் தாய்சேய் நல அட்டையைக் கையோடு கொண்டுபோய், புது ஊர் நர்ஸிடம் நீங்களே கேளுங்கள்.

வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலந்து தருவார்கள். பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்ப எடுப்பார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. உடனே ஊசி என்று பயப்பட வேண்டாம். முதலில் இரண்டு வாரம் சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான் (பண்ருட்டியில் பலா சீசன் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான்). அப்புறமும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் குறையவில்லை என்றால் மெட்ஃபார்மின் மாத்திரை அல்லது இன்சுலின் ஊசி.

அடிபோனெக்டின், எஸ்எச்பிஜி என்று சில ரத்தக் குறிகாட்டிகளை வைத்து இந்நோயை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றுக்காகத் தனியார் லேபில் செலவழிக்கத் தேவையில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்டும் இந்த டெஸ்டுக்கு மாற்றாகாது; கர்ப்பத்தில் ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்து புதிதாக உருவாவதாலும், ரத்தசோகையாலும் அது தப்பாகக் காட்டலாம்.

சர்க்கரை இருந்தவர்களுக்குப் பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடியும் ஒரு டெஸ்ட் உண்டு. குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடும் அன்றே அம்மாவுக்கும் எடுக்க முடியுமா, வெறும் வயிற்றோடு வரவேண்டுமா என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.