குழப்ப மந்திரம்: யாரைக் குழப்ப?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் எடுத்தாள். குரலே சரியில்லை. "தம்பி, ஒன் மருமகன் யாருக்கோ செய்வினை வைக்கிறான்டா. கொப்பியில எழுதி வச்சிருக்கான்." இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து அவள் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு முக்கால் மணி நேர பஸ். நான் போய் இறங்குவதற்குள் காரியம் முடிந்திருந்தது. கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் வெட்டி, பையன் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டி, திண்ணையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அட்டையில் கொட்டை எழுத்தில் 'குழப்ப மந்திரம் – ஆரம்பப் பயிற்சி'. உள்ளே தேதி போட்டுக் குறிப்புகள். "காலை 5.30. மூச்சைக் கவனித்தேன். 10 நிமிடம். மனம் ஓடியது." அடுத்த நாள்: "8 நிமிடம். தம்பி கதவைத் தட்டினான்." நான்கைந்து பக்கம் தள்ளி, எழுத்துகளைப் பின்னிப் போட்ட ஒரு வடிவம். அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் பார்த்து அத்தானுக்கும் அவர் தம்பிக்கும் மரக்கறித் தோட்டத்து எல்லையில் சண்டை. அக்கா அட்டையைப் படித்தாள், சண்டையையும் பார்த்தாள், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். பூசாரியும் பையனிடம் முதலில் கேட்டது இதைத்தான்: "யாரை யாருகிட்டயிருந்து பிரிக்கப் போற?"

பூசாரி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். 'குழப்ப மந்திரம்' என்று மொழிபெயர்த்தவர் மேல்தான் கோபம். போனில் சுற்றும் கட்டுரைகள், யாரோ தட்டச்சிட்டு அனுப்பும் பாடங்கள், காணொளித் தலைப்புகள் என்று இரண்டு வருடமாக இந்தச் சொல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. பட்டதெல்லாம் போதும்.

ஆங்கிலத்தில் 'கேயாஸ் மேஜிக்'. 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய ஒரு மாந்திரீக இயக்கம். பீட்டர் கரோல், ரே ஷெர்வின் என்ற இருவர் தொடக்கக்காரர்கள். இரண்டு பேரின் முதல் நூல்களும் 1978இல் வந்தவை. அவர்களுக்கும் முன்னோடி ஆஸ்டின் ஒஸ்மான் ஸ்பேர் (1886–1956) என்ற லண்டன் ஓவியர். ஆசையை ஒரு வரியாக எழுதி, அதன் எழுத்துகளைப் பின்னி ஒரு குறியாக வரையும் முறை அவருடையது. இந்தக் கூட்டத்தின் அடிப்படைக் கொள்கை ஒன்றுதான்: நம்பிக்கை ஒரு கருவி. மண்வெட்டி மாதிரி வேலைக்கு எடு, முடிந்ததும் மூலையில் சாத்தி வை. இன்றைக்கு ஒரு மரபின் சடங்கு, நாளைக்கு வேறொன்று, பலித்தால் எழுதி வை, பலிக்காவிட்டாலும் எழுதி வை. பலிக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் சொல்லைப் பார்க்கிறவன்.

'கேயாஸ்' கிரேக்கச் சொல். வாய் பிளத்தல், கொட்டாவி விடுதல் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் முன் முதலில் உண்டானது கேயாஸ் என்கிறார் பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட். அவர் சொன்னது பிளந்து கிடக்கும் பெருவெளி. அதை உருவமில்லாத கலவைக் குவியலாக மாற்றிப் பாடியவர் ரோமானியக் கவிஞர் ஓவிட். இன்றைய 'தாறுமாறு' என்ற பொருள் அந்த வழியில் வந்து சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்பவர் இதே சொல்லிலிருந்துதான் 'காஸ்' என்ற சொல்லை உண்டாக்கினார். அக்கா வீட்டுக் குசினியில் கேயாஸ் ஏற்கெனவே சிலிண்டரில் அடைந்து கிடக்கிறது என்று நான் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

சரி, இனி சண்டைக்கு வருவோம்.

தமிழில் 'மந்திரம்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு பெயர் வந்தால் அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, தெய்வத்தின் பெயர்: சிவ மந்திரம், காளி மந்திரம். இல்லாவிட்டால், அந்த மந்திரம் செய்யும் வேலை: வசிய மந்திரம் வசியம் செய்யும், மாரண மந்திரம் ஆளைக் கொல்லும், தம்பன மந்திரம் அசையாமல் நிறுத்தும். குழப்பம் என்று ஒரு சாமி நமக்கு இல்லை. ஆகவே குழப்ப மந்திரம் என்றால் குழப்பம் உண்டாக்கும் மந்திரம். இதற்கு வேறு பொருள் எடுக்கத் தமிழ் காது இடம் கொடுக்காது. அதுமட்டுமில்லை, நம் மாந்திரீகத்தில் எட்டுக் கருமங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. அதில் பேதனமும் வித்துவேடணமும் இருக்கின்றன: புத்தியைப் பேதலிக்க வைப்பது, ஒட்டி இருந்தவர்களுக்குள் பகை மூட்டுவது. மொழிபெயர்ப்பாளர் புதுச்சொல் படைத்ததாக நினைத்துக்கொண்டு, கேள்விப்பட்டாலே ஊர் நடுங்கும் ஒரு பழைய வேலைக்குப் புதுப் பெயர் சூட்டிவிட்டார். பூசாரி கேட்ட கேள்விக்கு இதுதான் இலக்கணம்.

குழப்பம் என்ற சொல்லே எங்கள் பக்கம் சும்மா கிடக்கும் சொல் இல்லை. பிள்ளை சொல் கேட்காவிட்டால் குழப்படி. சந்தைப் பக்கம் நாலு பேர் சட்டையைப் பிடித்தால் குழப்பம். 'குழப்ப நேரம்' என்று அப்பா வாயெடுத்தால் அது 1977 அல்லது 1983 இனக்கலவரம். எரிந்த கடைகளும் பெட்டியோடு ரயிலேறிய சனங்களும். பிளந்து கிடக்கும் ஆதிவெளிக்கு இந்தச் சொல்லைத் தூக்கி வைக்க, காது மந்தமாக இருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை, கரோலே 'கேயாஸ்' என்பதைத் தாறுமாறு என்ற பொருளில் ஆளவில்லை. நிகழ்ச்சிகள் எதிலிருந்து பிறந்து நடக்கின்றனவோ அதற்கு அவர் வைத்த பெயர் அது. கடவுள் என்றோ தாவோ என்றோ கூடச் சொல்லலாம், ஆனால் இந்தப் பெயரில் பொருள் ஏதும் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது வசதி என்பது அவர் வாதம். அவர் வெறும் பாத்திரமாக இருக்கட்டும் என்று தேடி எடுத்த சொல்லுக்கு, நம்மவர் விளிம்பு வரை சண்டை சச்சரவை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்.

'ஒழுங்கின்மை மாந்திரீகம்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். குழப்பத்தைவிட ஒரு படி மேல். தமிழ் வேதாகமத்தின் ஆதியாகமம் இரண்டாம் வசனத்தில் பூமி "ஒழுங்கின்மையும் வெறுமையுமாய்" இருந்தது என்று வரும். என்ன அழகான தமிழ்! ஆனால் வசனத்தில் பொருந்துவது பயிற்சிக்குப் பொருந்தவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு எழும்பி, நிமிடக் கணக்கு எழுதி, கதவைத் தட்டியவன் பெயர் வரை குறித்து வைக்கிற பையனைப் பார்த்து ஒழுங்கின்மை என்றால் என்ன நியாயம்? அவன் உயர்தரப் பாடங்களுக்கு இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பெடுத்ததில்லை.

'கட்டற்ற மாந்திரீகம்' என்று ஒரு நண்பர் பரிந்துரைத்தார். கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம் மாதிரி. முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் மாந்திரீகத்தில் 'கட்டு' என்பது காவல். உடற்கட்டு, திக்குக்கட்டு போடாமல் எந்த மந்திரவாதியும் உட்காரமாட்டான். கேயாஸ்காரர்களும் தொடக்கநிலையாளருக்குச் சொல்லித் தருவதில் இடத்தைச் சுத்தம் செய்து காவல் வைக்கும் சடங்கு உண்டு. கட்டற்ற மாந்திரீகம் என்று பூசாரியிடம் சொன்னேன். "கட்டு இல்லாமலா? அடிச்சுப் போட்டுடுமே" என்றார்.

என் சொந்த ஆசை 'பாழ்' மேல். முப்பாழ் என்று சைவர்கள் பேசும் அந்தப் பாழ். எல்லாம் ஒடுங்கி மீளும் வெறுவெளி. கிரேக்கக் கேயாஸுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு தமிழ்ச்சொல் எனக்குத் தெரியாது. 'பாழ் மாந்திரீகம்' என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "பாழா? நம்ம பதினோராம் நம்பர் மலை மாதிரியா?" என்றாள். பத்து வருடமாகத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டாமல், கிளை நறுக்காமல், மானாப்புல் மண்டிக் கிடக்கும் மலை அது. சரி, அதுவும் போயிற்று. 'சூனியம்' பக்கம் நான் போகவே இல்லை. வடமொழியில் அது வெறுமை, நம் ஊரில் அது வைத்தால் எடுக்க வேண்டிய பொருள்.

இந்தப் பாடங்களை மொழிபெயர்த்தவர் தலைப்போடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எழுத்துகளைப் பின்னிப் போடும் வடிவத்துக்கு, ஆங்கிலத்தில் 'சிஜில்', 'முத்திரை' என்று எழுதியிருக்கிறார். லத்தீன் மூலத்துக்கு அது நேர்ச்சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இலங்கையில் முத்திரை என்றால் கடிதத்தில் ஒட்டுவது. "முத்திரையை உற்றுப் பார், பிறகு எரித்துவிடு, மறந்துவிடு" என்று படித்தால் தபால் கந்தோர்க்காரன் பைத்தியமாகிவிட்டான் என்றுதான் தோன்றும். பூசாரி கொப்பியைத் திறந்ததும் சொன்னார்: "சக்கரம் போட்டிருக்கான்." அந்த ஒரு சொல் போதும்.

பையன் போட்ட சக்கரத்தை அவனையே விளக்கச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். 'கணிதத்தில் சித்தியடைவேன்' என்று எழுதி, உயிர்மெய்யில் உயிரைக் கழற்றி, திரும்ப வரும் மெய்யை ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டானாம். மிஞ்சியவை க, ண, த, ல, ச, ய, ட, வ, ன. ஒன்பது எழுத்து. டகரத்தின் மூலையில் வகரத்தை உட்கார வைத்து, ககரத்தின் காலை நீட்டி, அழகாகத்தான் இருந்தது. ஆங்கிலப் பாடம் லத்தீன் எழுத்துக்குச் சொன்ன முறையைத் தமிழெழுத்துக்கு அவனே பொருத்தியிருக்கிறான். மொழிபெயர்ப்பாளர் செய்திருக்க வேண்டிய வேலை. 'சித்தி' என்ற சொல்லும் நன்றாக வந்து விழுந்திருக்கிறது: சித்தருக்கும் அதுதான், பரீட்சைத் திணைக்களத்துக்கும் அதுதான். போட்டதை மறந்துவிட்டால்தான் பலிக்கும் என்பது விதியாம். கோயில் வரைக்கும் போய் எலுமிச்சம்பழம் வெட்டியான பிறகு அந்தச் சக்கரத்தை எப்படி மறப்பது என்பது அவன் கவலை.

பிறகு 'நோசிஸ்'. இதற்கு 'ஞானம்' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே வேரின் கிளைகள் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது என்ற தைரியம். ஆனால் கேயாஸ்காரர்கள் சொல்வது மனம் ஒரு புள்ளியில் நின்று மற்றதெல்லாம் அறுந்துபோகும் நிலை. மூச்சை அடக்கி அமைதியிலும் போகலாம், ஆடி ஓய்ந்து வெறியிலும் போகலாம். மாரியம்மன் திருவிழாவில் தப்பு மேளம் ஏறி அடிக்கும்போது கண் செருகி நிற்கிற பெண்ணைப் பார்த்து ஞானம் வந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? மருள் வந்தது என்போம், அருள் வந்தது என்போம். ஒரு வேலைக்கென்று மனதால் படைத்து அனுப்பும் உருவத்துக்கு 'சேவகன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் கொப்பியை மூடிவிட்டேன். ஏவல் என்ற சொல் ஊரெங்கும் கிடக்கிறதே ஐயா!

நானும் மொழிபெயர்ப்பில்தான் சோறு தின்கிறேன், அதனால் நோய் எங்கே என்று தெரியும். ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி, முதலாவதாக நிற்கும் தமிழ்ச்சொல்லைப் பிடுங்கி வந்து நடுவது. இப்போது அகராதியைத் திறக்கும் சிரமம்கூட இல்லை, போன் செய்து கொடுக்கிறது. ஒரு காரியாலயத்தில் நான் வேலை பார்த்தபோது, வரைபில் 'அவசர வெளியேற்றம்' என்று எழுதி வந்த பலகையை 'அவசர வெளியேறும் வழி' என்று திருத்திக் கொடுத்தேன். யாரை வெளியேற்றப் போகிறீர்கள் என்று ஓரத்தில் கேட்டும் எழுதினேன். மேலிடம் வரைபைத்தான் மாட்டியது. எழுத்து குறைவாம்.

'கட்டற்ற மாந்திரீகம்' சொன்ன அந்த நண்பர் இன்னொன்றும் சொன்னார். நம் சனங்கள் கேயாஸ் மாந்திரீகத்தை இங்கிலாந்துக்கு முன்பே செய்துவிட்டார்களாம். தேயிலை ஸ்டோரில் சக்கரம் ஓடத் தொடங்கியதும் அதற்கென்று ரோதைமுனி என்று ஒரு சாமியை உண்டாக்கவில்லையா, கவ்வாத்துக்கு ஒரு சாமி இல்லையா என்றார். கேட்க இனிப்பாக இருக்கிறது, ஆனால் பிழை. ரோதைமுனிக்குப் படையல் வைத்தவர்கள் அவரைக் கருவியாக எடுத்து மூலையில் சாத்தவில்லை. பெல்ட்டில் கை போகாமல் காக்கிறவர் என்று நம்பினார்கள், பயந்தார்கள். நம்பிக்கையைக் கழற்றி மாட்டுவது வேறு சங்கதி. ஆனால் அந்தப் பெயர் என் வாயை அடைத்தது. நான் தனித்தமிழ்க்காரன் என்று சொல்லித் திரிகிறவன். 'ரோதை' என்றால் சக்கரம், போர்த்துக்கீசச் சொல். கடன் வாங்கிய சொல் பொட்டு வைத்துப் பொங்கலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊரில், 'கேயாஸ் மாந்திரீகம்' என்று அப்படியே எழுதினால் குடி முழுகாது. இயக்கத்தின் பெயராக அது நிற்கட்டும்.

பொருள் தெரியத் தமிழில்தான் வேண்டும் என்றால் என் சொல் 'மரபுசாரா மாந்திரீகம்'. எந்த மரபையும் கையில் எடுக்கலாம், எதிலும் சாய்ந்து நிற்பதில்லை; 'சாரா' அதைச் சொல்லிவிடுகிறது. கிரேக்கப் பிளவு இதில் இல்லையே என்றால், கரோலுக்கே அந்தச் சொல்லின் பொருளில் அக்கறை இல்லை, நமக்கு எதற்கு? 'மந்திரம்' என்று நிறுத்தாமல் 'மாந்திரீகம்' என்பதற்கும் காரணம் உண்டு. நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழியே மந்திரம் என்கிறது தொல்காப்பியம். அது வாயால் சொல்வது. இவர்கள் வரைகிறார்கள், மூச்சடக்குகிறார்கள், ஆடுகிறார்கள். முழுத் தொழிலுக்கும் மாந்திரீகமே பொருந்தும். தொப்பியிலிருந்து முயல் எடுப்பதோடு குழம்பாமல் இருக்க ஆங்கிலத்தில் அலிஸ்டர் குரோலி என்ற மாந்திரீகர் 'மேஜிக்' என்ற சொல்லின் கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதினார். நமக்கு அந்தப் பாடு இல்லை. அதற்குச் செப்படி வித்தை தனியாக இருக்கிறது.

பையன் அட்டையில் பழையதை அடித்துவிட்டு 'மரபுசாரா மாந்திரீகம்' என்று எழுதினான். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இது கரண்ட் சம்பந்தமான பாடமா?" என்றாள்.

விஞ்ஞானப் புத்தகத்தில் மரபுசாரா சக்தி என்று வருவது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பையன் என்னைப் பார்த்தான். நான் பிளேன்டீயைப் பார்த்தேன். கொப்பி இப்போது மேசைமேலேயே கிடக்கிறதாம். அக்கா தூசி தட்டி வைக்கிறாளாம்.