ஒரு கெட்ட எழுத்துரு போட்டோஷொப்பை எப்படி விழுத்துகிறது?

வெள்ளவத்தையில் ஸ்டூடியோ நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: "போட்டோஷொப் ஐகனைத் தட்டினால் முகப்புப் படம் வருகிறது, ஐந்தாறு செக்கன் நிற்கிறது, பிறகு ஒன்றுமே சொல்லாமல் மறைந்துவிடுகிறது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டும் பார்த்தாயிற்று. நேற்றுவரை ஒழுங்காக வேலைசெய்தது. என்ன காரணம்?"

அழித்துத் திரும்பப் போடுவதில் பெரும்பாலும் பயனில்லை. நாம் அழிப்பது மென்பொருளைத்தான். அது எழுதிவைத்த விருப்பத்தேர்வுகள், நம் எழுத்துருக்கள், திரை அட்டையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. "ஃபோர்மட் அடித்தால் சரிவரும்" என்று கடையில் சொல்வார்கள். சரிவரும்தான். ஆனால் ஸ்டூடியோக்காரர் அடுத்த கிழமையே பழைய பென்டிரைவிலிருந்து அதே எழுத்துருப் பொதியைத் திரும்பப் போடுவார். போட்டோஷொப் திரும்ப விழும். சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்தால் பிரேக் சரியாகாது. எது விழுத்தியது என்று பார்ப்பதற்கு ஃபோர்மட் அடிப்பதைவிடக் குறைந்த நேரமே போகும்.

முதலில் முகப்புப் படத்தைக் கவனியுங்கள். அதில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடும்: விருப்பத்தேர்வுகளை வாசிக்கிறேன், எழுத்துருக்களை வாசிக்கிறேன், செருகிகளை (பிளகின்களை) தயார்செய்கிறேன் என்று. கண்ணுக்கு அகப்படாத வேகத்தில் மாறுவதால் கைபேசியில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைசியாகத் தெரிந்த வரிதான் முதல் தடயம். சில வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பதால் அதை முழுசாகவும் நம்பக் கூடாது.

இரண்டாவது தடயத்தை விண்டோஸே எழுதிவைக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'இவென்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் என்று போங்கள். சிவப்புக் குறியுடன் 1000 என்ற இலக்கமுள்ள பதிவு இருக்கும். அதில் இரண்டு வரிதான் தேவை: 'ஃபோல்டிங் மொடியூல் நேம்', அதாவது எந்தக் கோப்பின் கட்டளை ஓடும்போது விழுந்தது; 'எக்செப்ஷன் கோட்', அதாவது எந்த விதமாக விழுந்தது.

மொடியூலின் பெயர் என்வியோஜிஎல்வி64 என்றிருந்தால் என்விடியா டிரைவர், ஏடிஐஓ6ஏஎக்ஸ்எக்ஸ் என்றிருந்தால் ஏஎம்டி டிரைவர், ஐஜி என்று தொடங்கி ஐசிடி64 என்று முடிந்தால் இன்டெல் டிரைவர். கூல்டைப் என்றிருந்தால் அது அடோபியின் எழுத்துரு இயந்திரம். என்டிடிஎல்எல் என்றிருந்தால் அவசரப்பட வேண்டாம். அது விண்டோஸின் சொந்தக் கோப்பு; பெரும்பாலும் அடிபட்டவர் அவர், அடித்தவர் வேறு ஆள்.

குறியீட்டு எண்களும் பேசும். சி000007பி என்றால் 32 பிட் கோப்பும் 64 பிட் கோப்பும் ஒன்றோடொன்று மாறிப்போயின. சி000001டி என்றால் புரோசசருக்குத் தெரியாத கட்டளை வந்தது. 2013இல் வந்த ஏவிஎக்ஸ்2 கட்டளைகளை நம்பி எழுதிய மென்பொருளை அதற்கு முந்திய இன்டெல் கணினியில் போட்டால் இது வரும். ஈ06டி7363 என்ற எண் வேடிக்கையானது: கடைசி மூன்று பைட்டுகளை எழுத்தாக வாசித்தால் எம், எஸ், சி. மைக்ரோசொஃப்ட் சி தொகுப்பியின் கையொப்பம் அது. ஆனால் அதிகம் காணக்கிடைப்பது சி0000005தான். தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட முயன்றது என்பது அதன் பொருள்.

எழுத்துருவுக்குப் போகுமுன் மற்றச் சந்தேக நபர்களை விரைவாக விசாரித்துவிடலாம். விண்டோஸில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அதில் போட்டோஷொப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் குற்றவாளி உங்கள் பழைய கணக்கின் கோப்புறைகளுக்குள் இருக்கிறார். அங்கும் விழுந்தால் டிரைவர், பொது எழுத்துருக்கள், நிறுவல் ஆகிய மூன்றில் ஒன்று. ஐந்து நிமிடச் சோதனை. சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடும்.

விருப்பத்தேர்வுக் கோப்பு போட்டோஷொப்பை மூடும்போது எழுதப்படுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு அரைகுறையாக நிற்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டிருந்த நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை. யுபிஎஸ் இல்லாத ஸ்டூடியோவுக்கு இன்றும் இது பொருந்தும். ஐகனைத் தட்டிய கையோடு கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால் அமைப்புக் கோப்பை அழிக்கவா என்று கேட்கும். அதற்கு ஓம் சொல்லுமுன், ஆப்டேட்டா, ரோமிங், அடோபி என்று போய், போட்டோஷொப்பின் 'செட்டிங்ஸ்' கோப்புறையை வேறிடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். அடையாள அட்டைப் படத்துக்கும் கடவுச்சீட்டுப் படத்துக்கும் வருடக்கணக்காகச் சேர்த்த 'அக்‌ஷன்ஸ்' அங்கேதான் இருக்கின்றன.

திரை அட்டை விஷயத்தில் போட்டோஷொப் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்கிறது. அட்டையைத் தானே தொட்டுப் பார்க்காமல் 'ஸ்னிஃபர்' என்றொரு சின்ன நிரலை முதலில் அனுப்புகிறது. பெயருக்கேற்ற மோப்பக்காரன். அது போய்ச் சோதித்துவிட்டு உயிரோடு திரும்பினால் அட்டை பயன்படுத்தப்படும்; அது விழுந்தால் அட்டையை விட்டுவிட்டு மீதி வேலை தொடரும். மோப்பம் பிடிக்கும்போது அடங்கியிருந்து பிறகு கடிக்கும் டிரைவர்களும் உண்டு. டிவைஸ் மனேஜரில் திரை அட்டையைத் தற்காலிகமாக முடக்கினால் விண்டோஸ் தன் அடிப்படை டிரைவருக்கு மாறும். திரை அசிங்கமாகத் தெரிந்தாலும் போட்டோஷொப் திறந்தால் விடை கிடைத்துவிட்டது: டிரைவரை முந்திய பதிப்புக்குத் திருப்புங்கள்.

செருகிகளுக்கு, திறக்கும்போது ஷிஃப்டை மட்டும் பிடியுங்கள். வெளியார் செருகிகளைத் தவிர்க்கவா என்று கேட்கும். போட்டோஷொப்பில் செருகி என்பது வீட்டுக்குள்ளேயே வந்து அதே குசினியில் சமைக்கும் விருந்தாளி. அவர் அடுப்பைக் கவிழ்த்தால் வீடே எரியும். கிம்ப் என்ற இலவசப் படத் திருத்தியில் செருகிகள் தனித்தனி நிரல்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஜன்னல் வழியாகச் சட்டியை நீட்டுபவர்கள். அங்கே ஒரு செருகி விழுந்தால் கிம்ப் பொதுவாக எச்சரிக்கையோடு தப்பிவிடும். வேகத்தில் கொஞ்சம் நட்டம், நிம்மதியில் இலாபம். என்னைக் கேட்டால் கிம்ப்பின் வழிதான் நல்லது.

இனி எழுத்துரு. படம் திருத்தும் மென்பொருளுக்கு எழுத்துரு எதற்கு, அதுவும் திறக்கும்போதே எதற்கு? எழுத்துக் கருவியின் பட்டியலில் பெயர், தடிப்பு, சாய்வு, மொழி எல்லாம் காட்டவேண்டும். அதற்கு ஒவ்வொரு கோப்பையும் ஒருமுறையாவது திறந்து வாசிக்கவேண்டும். ஒரு கணினியில் 40 எழுத்துரு இருந்தால் பிரச்சினையில்லை. ஆனால் கொழும்பு ஸ்டூடியோவின் கணினியில் மூன்று மொழி. பாமினி வகை மட்டுமே நூற்றுக்கணக்கில் கிடக்கும்: கல்யாண அட்டைக்கு ஒன்று, அந்தியேட்டி அட்டைக்கு ஒன்று, பதாகைக்கு ஒன்று. பாமினியில் ஆங்கில 'எம்' விசையைத் தட்டினால் 'அ' விழும், 'கே'யைத் தட்டினால் 'ம' விழும். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துரு. இவற்றில் பல, யாரோ ஒருவர் இன்னொன்றின் வயிற்றைக் கிழித்து எழுத்துகளை மாற்றிச் சேமித்தவை. சீடியிலிருந்து சீடிக்கும், பென்டிரைவிலிருந்து பென்டிரைவுக்கும் தாவி வந்தவை.

எழுத்துருக்களில் பரவலான வகையான ட்ரூடைப் கோப்பு ஒன்றைத் திறந்து பார்ப்போம். முதல் 12 பைட்டுகள் தலைப்பு. உள்ளே எத்தனை அட்டவணைகள் என்பது அதில் இருக்கும். அடுத்து ஒவ்வோர் அட்டவணைக்கும் 16 பைட்டுகளில் ஒரு குறிப்பு: பெயருக்கு 4, சரிபார்ப்புத் தொகைக்கு 4, கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதற்கு 4, எவ்வளவு நீளம் என்பதற்கு 4. புத்தகத்தின் பொருளடக்கம் போலத்தான். எழுத்துகளின் வளைவுகள் 'கிளிஃப்' அட்டவணையில், எழுத்துருவின் பெயர் 'நேம்' அட்டவணையில், எந்த எழுத்தின் எண்ணுக்கு எந்த உருவம் என்பது 'சிமெப்' அட்டவணையில்.

இப்போது பொருளடக்கம் பொய் சொல்கிறது என்று வையுங்கள். கோப்பின் மொத்த நீளம் 68,000 பைட். கிளிஃப் அட்டவணை 48,000ஆவது பைட்டில் தொடங்குகிறது, நீளம் 30,000 என்று குறிப்பு சொல்கிறது. அதன்படி அது 78,000இல் முடியவேண்டும். கோப்போ பத்தாயிரம் முன்பே முடிந்துவிட்டது. நம்பி வாசிக்கும் நிரலுக்கு என்ன நடக்கும்?

விண்டோஸ் நினைவகத்தை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகத்தான் கொடுக்கும். கோப்பை நேரடியாக நினைவகத்தில் விரித்தால் 68,000 பைட்டுக்கு 17 பக்கம், அதாவது 69,632 பைட். 68,000ஐத் தாண்டிய வாசிப்புக்கு உடனே தண்டனை இல்லை. கடைசிப் பக்கத்தின் மிச்சத்தில் வெறும் பூச்சியங்கள் இருக்கும், நிரல் அவற்றையும் வளைவு என்று நினைத்து வாசித்துக்கொண்டே போகும். 69,632ஐத் தொட்டதும் பக்கம் முடிகிறது. அடுத்த முகவரிக்கு விண்டோஸின் நினைவகப் பக்கப் பட்டியலில் பதிவே இல்லை. புரோசசர் அந்த இடத்திலேயே கையை விரித்துவிட்டு விண்டோஸைக் கூப்பிடும். விண்டோஸ் சி0000005ஐ நிரலின் கையில் கொடுக்கும். அதை ஏந்திப்பிடிக்க நிரலில் யாருமில்லாவிட்டால் முகப்புப் படம் மறையும்.

"நேற்றுவரை வேலைசெய்ததே" என்பதற்கும் இங்கேயே பதில் உண்டு. சில நிரல்கள் கோப்பை விரிக்காமல், நினைவகத்தில் பிரதியெடுத்து வாசிக்கும். அப்போது எல்லைக்கு அப்பால் இன்னொரு தரவு இருந்தால் விழுவதில்லை. குப்பையை வாசித்துவிட்டுத் தப்பிவிடும். பக்கத்தில் என்ன இருக்கும் என்பது அன்றன்றைய நினைவக ஒழுங்கைப் பொறுத்தது. நேற்று அதிர்ஷ்டம், இன்று இல்லை. இரண்டாவது காரணம் தற்காலிகச் சேமிப்பு: ஒருமுறை வாசித்ததைப் போட்டோஷொப் குறித்துவைத்துக்கொள்ளும். புது எழுத்துரு சேரும்வரை பழைய குறிப்போடு காலம் ஓடும்.

தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டி, கோப்பின் நீளத்தோடு ஒப்பிட்டால் போதாதா? அதிலும் ஒரு பொறி உண்டு. இரண்டும் 32 பிட் எண்கள். தொடக்கம் 4,294,967,000, நீளம் 1,000 என்று ஒரு கெட்ட கோப்பு சொன்னால் கூட்டுத்தொகை 32 பிட்டுக்குள் அடங்காது. மிதிவண்டியின் தூரமானி சுற்றிப் பூச்சியத்துக்கு வருவதுபோல் 704 ஆகிவிடும். 704, 68,000ஐவிடச் சிறிது. "சரி, உள்ளே போ" என்று காவலாளி கதவைத் திறந்துவிடுவார். இதே சாதியான ஓட்டைகளை வேண்டுமென்றே தேடுபவர்களும் இருக்கிறார்கள்: 2011இல் பிடிபட்ட டுகு என்ற உளவு நிரல், வேர்ட் ஆவணத்துக்குள் ஒளித்த ஒரு ட்ரூடைப் எழுத்துரு வழியாக விண்டோஸின் கருவுக்குள்ளேயே, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள மையப் பகுதிக்குள்ளேயே, நுழைந்தது. எழுத்துருவை வாசிக்கும் வேலையை விண்டோஸ் 10 கருவிலிருந்து வெளியே எடுத்து, தனியறையில் பூட்டி நடத்துகிறது. எழுத்துருவுக்கு இவ்வளவு காவல் தேவைப்படும்போது, தமிழ் எழுத்துருக்களைச் சோதித்துத் திருத்த ஒரு சிறு ஆய்வுகூடத்துக்குக்கூட நாம் காசு ஒதுக்காமல் மாநாட்டுக்கும் மலருக்கும் செலவழிப்பது எனக்கு விளங்காத கணக்கு.

கெட்டதைக் கண்டுபிடிப்பது சுலபம். 1,200 எழுத்துரு இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு சோதனைக்கு மூன்று நிமிடம் செலவழித்தால் 60 மணிநேரம். பாதி பாதியாகப் பிரியுங்கள்: 600ஐ வெளியே எடுத்துவிட்டுத் திறக்கவும். விழுந்தால் கெட்டது உள்ளே, திறந்தால் கெட்டது வெளியே. பிறகு 300, 150, 75, 38, 19, 10, 5, 3, 2, 1. பதினொரு சோதனை, சுமார் அரை மணி. எந்தப் பாதியை வைத்தாலும் விழுந்தால் கெட்டவை ஒன்றுக்கு மேல். ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாகப் பிரித்துப் போகவேண்டும்.

மூன்று இடத்தில் ஆட்கள் பிழைவிடுவார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னர், ரோமிங்குக்குள் இருக்கும் போட்டோஷொப் கோப்புறையின் 'சிடி ஃபொண்ட் கேஷ்' உள்ளடக்கத்தை அழிக்கவேண்டும். இல்லாவிட்டால் பழைய குறிப்பே பதில் சொல்லும். விண்டோஸின் சொந்த எழுத்துருக்களை, குறிப்பாக சிகோ, டஹோமா, நிர்மலா ஆகியவற்றைத் தொடக்கூடாது. மூன்றாவது, எழுத்துருக்கள் இருப்பது ஒரு கோப்புறையில் மட்டுமல்ல. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, தனிப் பயனருக்காக நிறுவியவை ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், ஃபொண்ட்ஸ் என்ற இடத்தில் போய் உட்காருகின்றன. புதுப் பயனர் கணக்கில் போட்டோஷொப் திறந்திருந்தால் முதலில் இங்கேதான் தேடவேண்டும்.

அகப்பட்ட எழுத்துரு தேவையில்லாததென்றால் அழித்துவிடுங்கள். தேவையென்றால் இலவசமான ஃபொண்ட்ஃபோர்ஜில் திறந்து, 'வலிடேட்' கொடுத்துப் பிழைகளைப் பார்த்து, புதிய கோப்பாக உருவாக்கி எடுங்கள். பொருளடக்கம் புதிதாக எழுதப்படும். பழைய ஆல்பங்கள் கெட்டுப்போகுமோ என்று பயப்படத் தேவையில்லை. போட்டோஷொப் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பில் எழுத்து அடுக்கின் படமும் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு இல்லையென்று மஞ்சள் முக்கோணம் காட்டினாலும், அந்த அடுக்கைத் திருத்தப் போகாதவரை மணமக்களின் பெயர் அச்சடித்த நாளில் இருந்தபடியே இருக்கும்.